ராத்திரி ஷூவைக் கழற்றாதீர்கள்

ஜூன் 3 உலக வளைபாத தினம். அதையொட்டி இந்தப் பதிவு.

மாமல்லபுரம் பக்கத்துப் பள்ளிகளில் நான் வேலை பார்த்த காலத்தில், பாதம் உள்பக்கமாகத் திரும்பிய பிள்ளைகள் சிலர் படித்தார்கள். பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றித்தான் நடப்பார்கள். விளையாட்டு நேரத்தில் மற்றவர்களின் செருப்புக்குக் காவல் இருப்பார்கள். "கிரகணத்துல வெளிய வந்திருப்பா" என்று ஊர் தாயைத்தான் ஏசும்.

கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உலகமெங்கும் சுமார் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. பிறந்த சில வாரங்களிலேயே வைத்தியம் தொடங்கினால் பெரும்பாலான பிள்ளைகள் மற்றவர்களைப் போலவே ஓடலாம்.

அமெரிக்காவின் அயோவாவில் பணியாற்றிய டாக்டர் இக்னாசியோ பொன்செட்டி கண்ட முறை இது. அவர் பிறந்த நாள்தான் ஜூன் 3. குழந்தையின் காலைக் கையாலேயே மெல்லத் திருப்பி, தொடையிலிருந்து விரல் வரை மாவுக்கட்டு போடுவார்கள். வாரம் ஒருமுறை மாற்றுவார்கள். ஐந்தாறு கட்டில் பாதம் நேராகிவிடும். பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணில் சிறு கீறல் போட்டு, மூன்று வாரம் கடைசிக் கட்டு. அதன்பின் நடுவில் கம்பி வைத்த ஷூ. முதல் மூன்று மாதம் நாளைக்கு 23 மணி நேரம். பிறகு நாலைந்து வயது வரை தூங்கும்போது மட்டும்.

சிக்கலே இங்கேதான். போன வருடம் என் பழைய மாணவி குழந்தையோடு வந்தாள். "சார், கால் நேராயிடுச்சு. ராத்திரி ஷூ போட்டா அழுறான். கழட்டிடுன்னு அத்தை சொல்றாங்க."

அவள் மாமியாரிடம் நானே பேசினேன். "பந்தல் ஏறின கொடிதானேன்னு கயிற்றை அவிழ்ப்பீங்களாம்மா? கழட்டினா கால் பழையபடி திரும்பிடும். மறுபடி மாவுக்கட்டுதான்." அந்த அம்மா பதில் சொல்லவில்லை. இப்போது தினமும் ராத்திரி ஷூ மாட்டிவிடுவது அவர்தானாம். பையன் கடற்கரையில் ஓடுகிறான்.

2013 முதல் நடக்கும் ராஷ்டிரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தில் வளைபாதமும் சேர்ந்திருக்கிறது, சிகிச்சை இலவசம். அக்கம்பக்கத்தில் இப்படிக் குழந்தை பிறந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். நம் பக்கத்தவர்கள் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் ஏறினால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடலாம்.

தாயைக் குறை சொல்லாதீர்கள். ஷூ மாட்ட அவளுக்கு ஒரு கை கொடுங்கள். தெரிந்தவர்களுக்குப் பகிருங்கள்.