போர்க்களத்துக் கணக்கப்பிள்ளை

கல்லூரியிலே 20 ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வரும் எம்மை, 14 வயதுச் சிறுமி ஒருத்தி கணக்கு விடயத்திலே தலைகுனிய வைத்தாள் என்றால் வாசகர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். நடந்ததை மறையாது சொல்லிவிடுகிறோம்.

2019 ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில், ரொறன்ரோ நகரிலே வாழும் எம் தமக்கையார் வீட்டில் நான்கு வாரம் தங்கியிருந்தோம். முதற் சனிக்கிழமை மாலை, வீட்டின் நிலவறையிலிருந்து கவறு உருளும் ஓசையும் பிள்ளைகளின் ஆரவாரமும் எழுந்தன. சூதாட்டமோ என்று ஐயுற்றுப் படியிறங்கினோம். எம் மூத்த மருமகனும் அவன் தங்கையும் அயல்வீட்டுப் பிள்ளைகள் மூவரும் மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தனர். கட்டமிட்ட பெருந்தாள் ஒன்று, நான்கு முகம் முதல் இருபது முகம் வரையுள்ள கவறுகள், பென்சில்கள், அழிறப்பர், ஒரு பாத்திரம் நிறைய உருளைக்கிழங்குப் பொரியல். காசு மட்டும் கண்ணிற் படவில்லை. மனம் ஆறிற்று.

அவர்கள் ஆடியது 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் 1974 இல் வெளியிட்டது. ஒருவர் சூத்திரதாரியாக இருந்து கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, இன்னது செய்கிறேன் என்று வாயாற் சொல்வர். செய்கை பலித்ததா இல்லையா என்பதைக் கவறு தீர்க்கும். மேடையுமில்லை, வேடமுமில்லை. பாத்திரம் முழுவதும் ஒரு தாளில் அடங்கிக் கிடக்கும். பிரசிய நாட்டுப் படை அதிகாரிகள் 1824 ஆம் ஆண்டளவிலேயே மேசைமேற் போர் நடத்திக் கவறெறிந்து இழப்பை எண்ணிப் பயின்றனர். அந்தப் பழைய போர்விளையாட்டு வழியிலே வந்த பேரப்பிள்ளைதான் இது. ஆகவே எண்ணிக்கை இதன் இரத்தத்திலேயே ஊறியிருப்பதில் வியப்பில்லை.

எம் மருமகள் மந்திரக்காரியாக ஆடினாள். ஐந்தாம் நிலையை எட்டியவள். அவள் தாளை வாங்கிப் பார்த்தோம். உயிர்ப்புள்ளி 27. அடி விழுந்தால் அதிலிருந்து கழியும். பூச்சியமானால் பாத்திரம் மூர்ச்சையாகும். அதன் கீழே மந்திரங்களுக்கான சிறு கட்டங்கள்: முதற் படிக்கு நான்கு, இரண்டாம் படிக்கு மூன்று, மூன்றாம் படிக்கு இரண்டே இரண்டு. ஒரு மந்திரத்தை ஏவினால் அதற்குரிய கட்டமொன்றை வெட்டிவிட வேண்டும். நீண்ட ஓய்வெடுத்து எழும்வரை அது திரும்பாது. ஜாக் வான்ஸ் என்னும் எழுத்தாளர் 1950 இல் வெளியிட்ட கதைநூல் ஒன்றில், மந்திரத்தை மனத்தில் ஏற்றிய மாயாவி அதைச் சொன்ன மாத்திரத்தில் மறந்துபோவான். அந்தக் கற்பனையிலிருந்தே கைகாக்ஸ் இவ்விதியை எடுத்தார். பிள்ளைகள் ஆடிய 2014 ஆம் ஆண்டுப் பதிப்பிலே மந்திரம் மறப்பதில்லை, கட்டம் மட்டுமே தீரும்.

இதைக் கேட்டதும் எமக்குக் கர்ணன் நினைவு வந்தது. கவசத்தையும் குண்டலத்தையும் கொடுத்து இந்திரனிடம் பெற்ற சக்தியாயுதம் ஒரே ஒரு முறைதான் செல்லும். அருச்சுனனுக்கென்று காத்து வைத்திருந்ததைப் பதினான்காம் நாள் இரவிலே கடோற்கசன் மீது எறியும்படி ஆயிற்று. எறிந்த கணத்திலே அவன் தாளில் அந்தக் கட்டம் வெட்டுப்பட்டது என்று நாம் சொல்ல, பிள்ளைகள் வாய்பிளந்து கேட்டனர். அன்றைக்கே மேசையில் எமக்கோர் இடம் கிடைத்தது. "மாமா மற்ஸ் ரீச்சர் தானே, கணக்கு எழுதட்டும்" என்றான் மருமகன். கணக்கப்பிள்ளை உத்தியோகம் இப்படி வந்து சேர்ந்தது.

எளிய வேலை என்று எண்ணியவர் ஏமாந்துபோவார். போர் தொடங்கியதும் யார் முன், யார் பின் என்று கவறெறிந்து வரிசை குறிக்க வேண்டும். ஒரு சுற்று என்பது கதையிலே ஆறு விநாடி. அதற்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு செய்கை, சிலவேளை ஒரு சிறு செய்கை, கொஞ்சம் நடை, பிறர் முறையிலே செய்யக்கூடிய ஓர் எதிர்ச்செய்கை. எதிர்ச்செய்கையைச் செலவிட்டவர் தம் அடுத்த முறை வரும்வரை மீண்டும் செய்ய இயலாது. இவற்றோடு மூச்சுப் பிடித்து மனம் ஒன்றிக் காக்கவேண்டிய மந்திரங்கள் வேறு. அடிபட்டால் அந்த ஒருமை கலையுமா என்று கவறெறிந்து பார்க்க வேண்டும். நால்வரும் ஒரே நேரத்திற் பேசுவர். பென்சிலால் எழுதி அழித்து எழுதி, இரண்டாம் வாரத்திலேயே தாளில் ஓட்டை விழுந்துவிட்டது.

வாள்வீரனாய் ஆடிய பையன் தன் உயிர்ப்புள்ளியை இருபதுமுகக் கவறொன்றைத் திருப்பி வைத்துக் காட்டுவான். யாரோ முழங்கை பட்டு அது உருண்டதும், மூன்று புள்ளியோடு கிடந்தவன் பதினெட்டுப் புள்ளியோடு எழுந்து நிற்பான். அதனால் நாம் ஓர் உபாயம் செய்தோம். தமக்கையாரின் சமையலறையிலே ஊறவைத்துப் பிழிந்த புளியிலிருந்து கொட்டைகளைப் பொறுக்கிக் கழுவிக் காயவைத்து, ஆளுக்கொரு கிண்ணத்தில் இட்டோம். கொட்டை ஒன்று ஒரு மந்திரக்கட்டம். செலவழிந்தால் மேசை நடுவே தள்ளவேண்டும். கையால் எடுத்துத் தள்ளுகையில் செலவின் பாரம் தெரியும். பென்சில் வெட்டிலே அது தெரிவதில்லை. ஆயினும் உறுதியான பதிவு எம் தாளிலேயே இருந்தது. சண்டைச் சந்தடியில் கொட்டை தள்ள மறப்பவர் உண்டு.

எம் மருமகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்கு முந்திய ஆண்டிலே வேறு பள்ளிக்கூடம் மாறியதிலிருந்து அவள் வீட்டிலும் வெளியிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். "இந்த மேசையிலை இருந்துதான் தம்பி, பிள்ளை திரும்பவும் கதைக்கத் தொடங்கினவள்" என்று தமக்கையார் எம்மிடம் தனியே சொல்லியிருந்தார். அந்தச் சொல் எம் நெஞ்சிலே இருந்தது. நாம் செய்த பிழைக்கு அதைச் சாக்காகச் சொல்லவில்லை. ஆனால் காரணம் அதுதான்.

மூன்றாம் சனிக்கிழமை. குகை வாயிலில் நான்கு அரக்கர். காலையில் நடந்த சண்டையிலே ஒரு தீக்கோளமும், இச்சண்டைத் தொடக்கத்திலே இன்னொரு தீக்கோளமும் ஏவி, மருமகள் தன் மூன்றாம் படிக் கட்டங்கள் இரண்டையும் தீர்த்துவிட்டாள். நாமே இரண்டையும் வெட்டியிருந்தோம். அரக்கர் இருவர் மாண்டனர். எஞ்சிய இருவரும் காயத்தோடு நின்றனர். வாள்வீரன் வீழ்ந்து கிடந்தான். வீழ்ந்தவன் தன் முறை வரும்போதெல்லாம் கவறெறிவான். மூன்று முறை பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் நிலைபெறுவான், மூன்று முறை குறைந்தால் இறப்பான். அவனுக்கு இரண்டு முறை குறைந்தாயிற்று. பூசகராய் ஆடியவனிடம் மந்திரம் ஒன்றும் மிச்சமில்லை. மருமகளுக்கு உயிர்ப்புள்ளி ஒன்பது. அரக்கனின் ஓர் அடிக்கு அதுவும் போதாது.

எல்லோரும் அவளைப் பார்த்தனர். அவள் எம்மைப் பார்த்தாள்.

"மாமா, மூண்டாம் படியிலை எனக்கு ஒண்டு கிடக்கோ?"

பரீட்சைத்தாளிலே அரைப்புள்ளி கூட்டிக் கேட்டு வந்த பெற்றோரையெல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பியவர் நாம். அந்த நாம், பெருவிரலால் அந்த இரண்டு வெட்டுக்களையும் மறைத்துக்கொண்டு, "கிடக்கு பிள்ளை" என்றோம்.

அவள் எழுந்து நின்றாள். அரக்கர் இருவரும் ஒரே நேர்கோட்டிலே நிற்பதைச் சுட்டி, மின்னலை ஏவினாள். எட்டுக் கவறுகள் உருண்டன. இருவரும் சாய்ந்தனர். நிலவறை அதிர்ந்தது. அன்றிரவு அவள் சாப்பாட்டு மேசையிலே அரைமணி நேரம் தானாகவே பேசினாள். தமக்கையார் எம்மைப் பார்த்துப் புன்னகைத்தார். நாமும் புன்னகைத்தோம்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. அதை நாம் அறிந்திருக்கவில்லை. ஞாயிறு காலையில் முந்திய நாட்கதையைக் கொப்பியிலே எழுதி வைப்பாள். எழுதும்போது எண்ணியிருக்கிறாள். தீக்கோளம் இரண்டு, மின்னல் ஒன்று. இடையிலே ஓய்வு இல்லை. கட்டம் இரண்டு. முற்றத்திலே தேநீர் அருந்திக்கொண்டிருந்த எம் முன்னே தாளோடு வந்து நின்றாள்.

"நீங்கள் பிழையா எண்ணினனீங்களோ, இல்லாட்டித் தெரிஞ்சு சொன்னனீங்களோ?"

தெரிந்தே சொன்னோம் என்று ஒப்புக்கொண்டோம். உன் தோழன் இறந்துபோவானே என்றுதான், என்று தொடங்கினோம். அவள் முடிக்க விடவில்லை.

"அப்ப அவனைக் காப்பாற்றினது நான் இல்லை, நீங்கள்."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். திங்கள் முதல் வெள்ளி வரை எம்மோடு பேசவில்லை. தமக்கையார் வீட்டுக்கு வந்து அந்தப் பிள்ளையின் வாயை நாமே மறுபடி அடைத்துவிட்டோமோ என்று கலங்கினோம். கற்பனைப் போரிலே ஒரு கற்பனைக் கட்டம் என்று எமக்கு நாமே சொல்லிப் பார்த்தோம், உறக்கம் வரவில்லை.

நான்காம் சனிக்கிழமை பிள்ளைகள் கூடியதும் அவளே முதலிற் பேசினாள். போன கிழமை மின்னல் செல்லாது, தன்னிடம் கட்டம் இருக்கவில்லை என்றாள். எம் பெயரைச் சொல்லவில்லை. நாமே கையுயர்த்திச் சொன்னோம். வாள்வீரனாய் ஆடிய பையனின் முகம் வாடிற்று; பிழைத்தது அவனல்லவா? சிறிது நேரம் வாதாடினர். பின்பு சூத்திரதாரியாகிய அண்ணன், அந்தக் கணத்திலிருந்து மறுபடி ஆடுவோம் என்று தீர்ப்புச் சொன்னான். காயப்பட்ட அரக்கர் இருவரும் எழுந்து பழைய இடத்திலே நின்றனர்.

மருமகள் தாளைத் தன் கையிலே எடுத்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பின்னர் மறுபக்கம் திருப்பினாள். மூன்று வாரமாகக் கணக்கெழுதிய நாம் அந்த மறுபக்கத்தை ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை. பொருட்பட்டியலின் கடைசி வரியில், முதல் வாரம் அவள் வாங்கி மறந்த குணமருந்து ஒரு குப்பி இருந்தது. இரண்டாம் படியிலே ஒரு கட்டமும் வெட்டுப்படாமல் இருந்தது. அந்தக் கட்டத்தைச் செலவழித்து, ஓரிடத்தில் மறைந்து முப்பது அடிக்குள் இன்னோரிடத்தில் தோன்றும் மந்திரத்தைச் சிறு செய்கையாக ஏவினாள். அரக்கரின் கைக்கு எட்டாமல் வாள்வீரன் அருகே தோன்றினாள். செய்கையும் கையில் இருந்தது. மருந்தை அவன் வாயில் ஊற்றினாள். நான்குமுகக் கவறு இரண்டு எறிந்து, இரண்டு கூட்ட வேண்டும். மூன்றும் இரண்டும் விழுந்தன. ஏழு உயிர்ப்புள்ளி. அவன் கண் விழித்தான்.

வெற்றி என்று சொல்வதற்கில்லை. நால்வரும் ஓட்டம் பிடித்தனர். பூசகருக்கு முதுகிலே ஓர் அடி. பொற்பேழை குகையிலேயே கிடந்துபோயிற்று. ஆனாற் சென்ற வாரம் போலன்றி, இம்முறை பிள்ளைகள் நெடுநேரம் அதையே பேசிக்கொண்டிருந்தனர். புளியங்கொட்டைகளைக் கிண்ணங்களிலே மறுபடி நிரப்பியவள், தன் தாளை எம்மிடம் திருப்பித் தரவில்லை. மடித்துத் தன் மடியிலே வைத்துக்கொண்டாள். நாம் எழுந்து மேலே போக முற்பட்டோம்.

"மாமா, அம்பை மட்டும் நீங்கள் எண்ணுங்கோ" என்றாள்.

அயல்வீட்டுப் பையன் ஒருவன் வில்லாளி. அவன் தூணியில் 17 அம்புகள் இருந்தன. ஓடும்போது எய்த நான்கையும் பொறுக்க நேரமிருக்கவில்லை. பின்னர் நடந்த சிறு சண்டையில் ஆறு எய்தான், சண்டை முடிந்தபின் தேடினால் எய்ததிற் பாதி கிடைக்கும் என்பது விதி, மூன்று பொறுக்கினான். பத்து என்று எழுதினோம். தாளைத் திருப்பி மறுபக்கத்தையும் பார்த்துவிட்டு, இன்னொரு முறை எண்ணினோம். பத்துத்தான்.