படுக்கைக்கு அடியில் விட்ட ஷவல்

ஆனேக்கல் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பொறுப்பில் இருக்கிறேன். மாதம் பிறந்தால் தீயணைப்பான்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். முள் பச்சையில் நிற்கிறதா, பின் இருக்கிறதா, குழாய் வெடித்திருக்கிறதா. பார்க்காமலே அட்டையில் கையெழுத்துப் போட்ட ஒரு பையனை எல்லார் முன்னாலும் திட்டியிருக்கிறேன். 2023 அக்டோபர் 7 அன்று பட்டாசுக் கடை எரிந்த அத்திப்பள்ளி இதே தாலுகாதான். செத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள். அதன்பிறகு என் கண்டிப்பு இன்னும் கூடியது.

அப்படிப்பட்ட நான் செய்த காரியத்தை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

2024, 2025 இரண்டு குளிர்காலமும் கம்பெனி வேலையாக ஆஸ்திரியாவில் இருந்தேன். சனி ஞாயிறுகளில் பனிச்சறுக்குப் பழகினேன். இரண்டாம் வருஷம் மார்ச் மாதம், ஒரு வழிகாட்டியோடு ஆறு பேராக யாம்தால் குடிலுக்குப் போனோம். கால்ட்யூர் கிராமத்திலிருந்து பள்ளத்தாக்கு வழியே ஏறினால் 2,165 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறும்போது ஸ்கீ பின்னால் வழுக்காமல் இருக்க அடியில் ஒரு மயிர்ப்பட்டையை ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் சீல் தோல், இப்போது நைலானும் மோஹேரும். மேலே போனதும் அதை உரித்து மடித்து வைத்துக்கொண்டு சறுக்கி இறங்கலாம்.

அன்றிரவு சூப் குடித்துக்கொண்டிருந்தபோது வழிகாட்டி 1999-ஐப் பற்றிச் சொன்னார். பிப்ரவரி 23 அன்று கால்ட்யூர் ஊருக்குள்ளேயே பனிச்சரிவு புகுந்து 31 பேர் இறந்தார்கள். அதே வருஷம் டிசம்பர் 28 அன்று, நாங்கள் உட்கார்ந்திருந்த குடிலுக்குப் பக்கத்தில், வழிகாட்டிகளோடு வந்த கூட்டத்தில் 9 பேர். பிறகு எங்கள் சாமான்களை மேஜையில் பரப்பச் சொன்னார். மார்பில் கட்டும் சிக்னல் கருவி, பனிக்குள் குத்திப் பார்க்கும் மடக்குக் கம்பி, அலுமினிய ஷவல். புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் எடுத்தால்தான் பெரும்பாலும் உயிர் இருக்கும். சரிந்து நின்ற பனி சிமென்ட் மாதிரி இறுகிவிடும், கையால் தோண்ட முடியாது. புதைந்தவரின் ஷவல் அவரோடேயே புதைந்திருக்கும். மற்றவர்களுடையதுதான் அவரை வெளியே எடுக்கும்.

நன்றாகப் புரிந்தது. இதே பாடத்தை ஊரில் நான் நடத்துகிறவன்.

முதல் நாள் ஏற்றத்தில் பை வார் அறுத்து இரண்டு தோளும் கன்றிப்போயிருந்தன. மறுநாளும் இதே குடிலுக்குத்தான் திரும்பப் போகிறோம். விடியற்காலையில் எல்லாரும் பல் தேய்க்கப் போன நேரம் பார்த்து ஷவலை எடுத்து, மாற்று உடுப்பில் சுற்றி, படுக்கைக்கு அடியில் தள்ளினேன். முக்கால் கிலோகூட இராது. வாசலில் வழிகாட்டி ஒவ்வொருவராகத் தன்னைக் கடந்து போகச் சொல்லி சிக்னல் கருவிகளைச் சோதித்தார். "கம்பி, ஷவல்?" என்று கேட்டார். எல்லாரோடும் சேர்ந்து நானும் "இருக்கு" என்றேன்.

பத்து மணி வாக்கில் ஒரு சரிவைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தது. 30 பாகைக்கு மேல் சாய்ந்த இடம் என்பதால் ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு அனுப்பினார். எனக்கு முன்னால் போனது ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. முந்தின நாள் நான் மூச்சு வாங்கி நின்றபோதெல்லாம் கூடவே நின்று, உலர்ந்த ஆப்பிள் துண்டுகளைக் கொடுத்தவர். அவர் பாதி வழியில் இருக்கும்போது காலுக்கடியில் "உம்ம்" என்று ஒரு சத்தம். பனியின் உள்ளடுக்கு நொறுங்கி அமுங்கும் சத்தம் அது. வழிகாட்டி கையை உயர்த்தினார். ஆசிரியை அப்படியே நின்று, திரும்பி என்னைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த ஆள் நான்தான். அவர் சரிந்திருந்தால் முதலில் ஓடிச் சேர வேண்டியவன். என் பையில் தண்ணீர்க் குடுவையும் ரொட்டியும் இருந்தன.

சரிவு இறங்கவில்லை. அவரை மெல்லத் திரும்பி வரச் சொன்னார்கள், எல்லாரும் வந்த வழியே இறங்கினோம். அப்போதாவது சொல்லியிருக்கலாம். இரவு சாப்பாட்டின்போது அதே ஆசிரியை எனக்கு ரொட்டியை நறுக்கித் தந்தார், அப்போதும் சொல்லியிருக்கலாம். திட்டு வாங்கிய அந்தப் பையனின் முகம் நினைவுக்கு வந்தது. வாயைத் திறக்கவில்லை.

சாமான்கள் எல்லாம் வாடகைக்கு எடுத்தவை. திருப்பிக் கொடுத்தபோது கடைக்காரர் ஷவலின் தகட்டைத் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. "வேலை வரவில்லை போல, நல்லது" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.