பாரிமுனையில் ஒரு குறுக்கு வழி

ஜி.பி.ஓ.வுக்குள் நுழைந்ததுமே அரக்கு வாசனை மூக்கில் ஏறும், ஞாபகம் இருக்கிறதா? பார்சலின் துணித் தையல்மேல் உருக்கி ஊற்றுகிற அரக்கு. கூடவே கோந்துச் சட்டியின் புளித்த நெடி, துறைமுகத்து உப்புக் காற்று. உள்ளே முத்திரை குத்துகிற சத்தம் ஓயவே ஓயாது. மையில் ஒரு தட்டு, தபாலில் ஒரு குத்து.

மாமா வக்கீல் குமாஸ்தா, தம்புச் செட்டித் தெருவில் ஆபீஸ். லீவு விட்டால் நான் அவருக்கு எடுபிடி, நீ எனக்குத் துணை. வக்கீல் நோட்டீசை ரிஜிஸ்தர் தபாலில் சேர்த்து, ரசீதை நாலாக மடித்துக்கொண்டு ஓடுவோம். "ரசீது போச்சுன்னா கேசே போச்சுடா" என்பார். பாதிச் சண்டை இந்தச் சிவப்புக் கட்டடத்தில் பிறந்து, ஹைகோர்ட்டின் சிவப்புக் கட்டடத்தில் வாய்தா வாங்கியே கிழடு தட்டும்.

தபால் கட்டடம்தான் மூத்தது. கட்டடக் கலைஞர் சிஷோம் வரைந்து 1884-இல் திறந்தது. ஹைகோர்ட் 1892-இல்தான் இங்கே குடிவந்தது. அதற்கு முன் அது இருந்த பெண்டிங்க் கட்டடம் இப்போது இல்லை, அந்த இடத்தில் கலெக்டர் ஆபீஸ்.

மாமாவுக்கு ஹைகோர்ட் கோபுரத்தின்மேல் தனிப் பெருமை. "கப்பலுக்கு வழிகாட்டுற கோர்ட்டு வேற எங்கடா இருக்கு?" 1894-இல் ஏற்றிய விளக்கு அது. சாயங்காலம் அது எரிந்தால் நமக்கு வீட்டுக்குக் கிளம்பும் நேரம். 1977-இல் மெரினாவில் புதுக் கலங்கரை விளக்கம் வந்தபிறகு மாமா கைக்கடிகாரம் கட்ட ஆரம்பித்தார்.

1914-இல் எம்டன் கப்பலின் குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்லைத் தடவிவிட்டு, கோர்ட் வளாகத்தின் குறுக்கே பஸ் பிடிக்க நடப்போமே! வருஷத்தில் ஒரு நாள் மட்டும் எல்லாக் கேட்டையும் சாத்திவிடுவார்கள். யாரும் வழிப்பாத்தியதை கொண்டாடிவிடக் கூடாதாம். சட்டம் படித்தவன் போட்ட பூட்டு!

2000-இல் தபால் நிலையத்தில் தீப்பிடித்தது, பழுதுபார்த்தார்கள். 2013-இல் தந்தி போனது. 2025 செப்டம்பரில் ரிஜிஸ்தர் தபாலையும் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்தாயிற்று. மாமா இருந்திருந்தால் ரசீது உண்டா என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.

போன மாசம் அந்தப் பக்கம் போனேன். கேட்டில் காவலுக்கு நின்றவர் பையைத் திறக்கச் சொல்லி, எந்த கோர்ட், என்ன கேஸ் என்று கேட்டார். சும்மா குறுக்கே நடக்க வந்தேன் என்றா சொல்ல முடியும்? வக்கீலைப் பார்க்கணும் என்றேன். வக்கீல் பெயரைக் கேட்டார்.