குச்சி தள்ள ஒரு ஆள்

கம்பளிப் போர்வை பின்ன ஊர் எதற்கு? இரண்டு ஊசியும் ஒரு உருண்டை நூலும் இருந்தால் போதும். டொராண்டோவில் குளிர்காலத்துச் சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஹீட்டரைக் கூட்டி வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு கண்ணிக்குள் ஊசியை விட்டு நூலைச் சுற்றி இழுத்தால் அடுத்த கண்ணி. அப்புறம் அடுத்தது. துணைக்கு யாரையும் கூப்பிட வேண்டாம். சந்தேகம் வந்தால் செல்போனில் முகம் தெரியாத ஒரு பெண்மணி எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காமல் செய்து காட்டுகிறார். என் முதல் போர்வை இப்படித்தான் முழங்காலை மூடுகிற அளவுக்கு வளர்ந்திருக்கிறது. கதகதப்பாகத்தான் இருக்கிறது. சத்தம்தான் இல்லை.

பாய் நெய்கிற பத்தமடையில் பிறந்த எனக்கு நெசவு முதலில் காது வழியாகத்தான் வந்தது. பாய்த் தறி தரையோடு தரையாகக் கிடக்கும். முளையடித்து நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு, அதன் மேல் குறுக்கே ஒரு பலகை, பலகை மேல் உம்மா. கையில் அச்சு. அச்சை முன்னால் சாய்த்தால் பாவு ஒரு வாய் திறக்கும், பின்னால் சாய்த்தால் இன்னொரு வாய். அந்த வாய்க்குள் நீளமான மூங்கில் குச்சியின் நுனியில் கோரையை மாட்டிப் பக்கவாட்டிலிருந்து தள்ளுவது இன்னொருத்தி வேலை. குச்சியை உருவியதும் அச்சு வந்து விழும். தொப். மறுபடி குச்சி, மறுபடி தொப். எங்கள் வீட்டு அச்சு ஓய்ந்தால் பக்கத்து வீட்டு அச்சு கேட்கும். அதுவும் ஓய்ந்தால் தெருக்கோடியில் ஒன்று. மத்தியான லுஹர் பாங்கு சொன்னதும் எல்லாம் நின்றுபோகும். அப்போதுதான் அதுவரைக்கும் சத்தம் இருந்ததே உறைக்கும்.

இங்கே ஊசியோடு ஊசி உரசுகிற சத்தம் என் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை.

அடுத்தது ஆறு. கோரை ஆற்றோரத்துப் புல். பச்சையாக அறுத்து, காயவைத்து, கட்டுக் கட்டாகத் தாமிரபரணித் தண்ணீருக்குள் அமிழ்த்தி, மேலே கல்லைத் தூக்கி வைத்து நாள் கணக்கில் ஊறப்போட வேண்டும். தேங்கின தண்ணீர் ஆகாது, ஓடுகிற தண்ணீர்தான் வேண்டும் என்பார்கள். தண்ணீரைக் குடித்துக் கோரை ஊதிப் பெருக்கும். அதை மறுபடி வெயிலில் போட்டு எடுத்தால்தான் நார் நாராக வகிர்வதற்கு வாகாக வரும். நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இந்தப் பக்குவத்தைக் கண்டு, பட்டுத்துணி போல மடிகிற பாய் நெய்து காட்டியவர் என்று ஹசன் பாவா லெப்பையின் பெயரை ஊரில் சொல்வார்கள். ஊறின கட்டைக் கரையேற்றும்போது ஒரு வாடை வரும்; சேறும் பாசியும் அழுகின புல்லும் கலந்த வாடை. சின்னப் பிள்ளையில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கிறேன். இன்றைக்கு அந்த வாடையை யாராவது ஒரு சீசாவில் அடைத்துத் தந்தால் என்ன விலை கேட்டாலும் கொடுப்பேன். என் கம்பளி நூல் பிளாஸ்டிக் உறைக்குள் வந்தது. பிரித்து முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

சாயம் காய்ச்சுகிற நாளும் போய்விட்டது. சப்பங்கிக் கட்டையைக் கொதிக்கவைத்து இறக்கிய சிவப்பைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் காலத்தில் கடையில் வாங்குகிற சாயப்பொடி வந்துவிட்டது. ஆனாலும் அடுப்பும் அண்டாவும் அதேதான். சாச்சியின் விரல் நகங்கள் பெருநாளைக்கு மருதாணி வைக்காமலே சிவந்திருக்கும்.

முதல் பாய்க்கு என்னை உட்கார வைத்தது உம்மா. நெய்ய இல்லை, குச்சி தள்ள. நெசவு கற்றுக்கொள்கிற எல்லோரும் அங்கேதான் தொடங்குவார்கள். கோரைக்கு அடி தடிமன், நுனி மெல்லிசு. ஒரு வரிசைக்கு அடி இந்தப் பக்கம் என்றால் அடுத்த வரிசைக்கு அந்தப் பக்கம் வர வேண்டும். "ஏளா, மாத்தி மாத்திப் போடு. ஒரே பக்கம் போட்டா பாய் கோணிப்போவும்." காய்ந்த கோரை முறியும், அதனால் பக்கத்தில் தண்ணீர்ச் சட்டி. "தொட்டுக்கோ, தொட்டுக்கோ." குச்சி பாவில் இடறினால், "இழுக்காதளா, கொடு. அது தானாப் போவும்." தலை நிமிராது, கண் அச்சை விட்டு நகராது, வாய் மட்டும் எனக்காகப் பேசிக்கொண்டே இருக்கும். வேலைக்கு நடுவே வந்து விழுந்த அந்த அதட்டலை, எத்தனை வயதானாலும் ஒரு பிள்ளைக்கு இருப்பிடத்தைக் காட்டித் தருகிற அந்தக் குரலை, நான் வேறெங்கும் கேட்டதில்லை.

இப்போதும் வெள்ளிக்கிழமை தவறாமல் வீடியோவில் உம்மா பேசுகிறாள். சாப்பிட்டியா, குளிருக்குச் சட்டை போட்டியா, புள்ளைங்க நல்லாருக்கா. எல்லாம் பதவிசான குரல். விருந்தாளியிடம் பேசுகிற குரல். என்னை உம்மா திட்டி வருஷக்கணக்காகிறது.

ஊர்ப் பெருமையைச் சொல்ல ஆள் குறைவில்லை. 1887-ல் பத்தமடையில் பிறந்து, மலேயாவில் வைத்தியம் பார்த்து, கடைசியில் ரிஷிகேசத்தில் போய் அமர்ந்த சுவாமி சிவானந்தரைச் சொல்வார்கள். பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொல்வார்கள். 100, 140 கவுண்ட் நூல் பாவில் நெய்த பாயைச் சட்டைப்பைக்குள் மடித்து வைக்கலாம் என்பார்கள். மாப்பிள்ளை, பெண் பெயரை நெய்த கல்யாணப் பாயைக் காட்டுவார்கள். 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு ஊரிலிருந்து பாய் போன கதையைச் சொல்லாத வீடு கிடையாது. இங்கே டொராண்டோவில் நூல் வாங்கின கடையில் மீதிச் சில்லறை தருகிறார்கள். பழைய நாணயத்தில் அதே ராணியின் முகம். பாயை ஒரு தடவையாவது விரித்துப் படுத்தீர்களா என்று கேட்கத் தோன்றும். வாய்விட்டுக் கேட்டால் கல்லாவில் நிற்கிற பெண் என்ன நினைப்பாள்?

நானும் ஒரு பாய் கொண்டுவந்தேன். மெத்தை விரிப்புக்கு மேல் போட்டுப் பார்த்தேன், தரையில் கம்பளத்துக்கு மேல் போட்டுப் பார்த்தேன். பாய்க்கு வேண்டியது சித்திரை மாதம். கரண்டு போன மத்தியானத்தில் சிமெண்டுத் தரையில் விரித்து, முதுகு பட்டதும் ஜில்லென்று ஏறுகிற அந்தக் குளிர்ச்சிக்காக நெய்தது அது. உள்ளே ஹீட்டர் காற்று, வெளியே பனி. நடுவே பாவம் அது என்ன செய்யும்? கோரை காய்ந்து மொறுமொறுத்து, ஓரத்தில் வெடிப்பு விட்டது. சுருட்டி அலமாரி மேல் வைத்திருக்கிறேன். மெத்தை நல்ல மெத்தைதான். ஆனால் அதில் படுத்து எழுந்தால் கன்னத்தில் கோரை வரி பதிவதில்லை.

பாய்க்கு ஒரு ஆறு வேண்டும், ஒரு வெயில் வேண்டும், சாயம் காய்ச்ச ஒரு சாச்சி வேண்டும், குச்சி தள்ள ஒரு ஆள் வேண்டும். கம்பளிக்கு நான் ஒருத்தி போதும். இந்த ஊருக்கு வந்த பிறகு எல்லாவற்றுக்கும் நான் ஒருத்தியே போதும் என்று ஆகிவிட்டது. சமைக்க, காய்ச்சலில் படுக்க, பெருநாள் கொண்டாட. வசதிதான். போர்வையில் வரிசை வரிசையாக ஏறிக்கொண்டே போகும்போது சில சமயம் கை தானாக நின்றுவிடுகிறது, பக்கவாட்டிலிருந்து குச்சி வரும் என்று காத்திருப்பதைப் போல. யாரும் வருவதில்லை.

உம்மாவின் தறியும் நின்றுவிட்டது. முழங்கால் வலி ஒரு காரணம். பிளாஸ்டிக் பாய் மலிவு, மெஷின் பாய் வேகம் என்பது இன்னொன்று. மூன்றாவது காரணத்தை உம்மா சொல்லமாட்டாள், எனக்குத் தெரியும். ஒற்றை ஆளாக உட்கார்ந்தால் அச்சையும் அடித்து, குச்சியையும் தள்ளி, ஒரு பாய்க்கு ஆகிற நாள் இரண்டு மடங்காகிவிடும். தெருவில் இருந்த பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். போக வேண்டியதுதான். நானும் போனவள்தானே.

இதை வாசிக்கிற உங்களுக்கும் ஒரு ஊர் இருக்கும். அங்கே விட்டுவந்த ஒரு சத்தம் இருக்கும். அது தறியோ, சக்கரமோ, முறுக்கு உரலோ, அதன் முன்னால் உங்கள் அம்மா இன்னமும் உட்காருகிறாள் என்றால், அடுத்த லீவுக்கு சாக்லேட்டும் சென்ட்டும் கொண்டுபோய்க் கொடுத்ததோடு எழுந்துவிடாதீர்கள். ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி வேலை செய்யுங்கள். கை பழக்கம் விட்டுப்போயிருக்கும், திட்டு விழும். வாங்கிக்கொள்ளுங்கள்.