வீண்போகாத உழைப்பு

பிள்ளைகளின் கையில் எந்நேரமும் ஏதேனும் ஒரு திரை இருக்கிறதே என்னும் கவலை இன்று பங்குக் குடும்பங்கள் அனைத்திற்கும் பொதுவாகிவிட்டது. கவலைப்படுவோர் பலர், அத்திரைக்குள் என்னதான் நடக்கிறது என்று உடன் அமர்ந்து பார்த்தோர் சிலரே. என் இல்லத்திலும் இக்கேள்வி எழுந்தது. பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வுக்காக இரவு பகலாய்ப் படித்த என் மகன், எதிர்பார்த்த மதிப்பெண்ணைப் பெறவில்லை. அதன்பின் வீட்டில் அவன் பேச்சுக் குறைந்தது. சிங்கப்பூரில் பணிபுரியும் அவனுடைய தாய்மாமன் அனுப்பியிருந்த விளையாட்டுக் கருவியோடு அவன் கழிக்கும் நேரம் மட்டும் கூடிற்று. அதைப் பூட்டி வைத்துவிடுங்கள் என்றாள் என் மனைவி. பூட்டுவதற்கு முன் அது இன்னதென்று அறிய விரும்பினேன். மகனை அருகில் அமர்த்திக்கொண்டு, ஒரு வாரம் மாலைதோறும் நானே ஆடினேன். அந்த ஏழு நாளில் கண்டதை நம் பெற்றோர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

விளையாட்டின் பெயர் டிராகன் குவெஸ்ட். ஜப்பான் நாட்டில் 1986-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் இதன் முதல் பாகம் வெளிவந்தது. கதையை அமைத்தவர் யூஜி ஹோரீ. உருவங்களை வரைந்தவர் அகிரா தோரியாமா. இசை தந்தவர் கொய்ச்சி சுகியாமா. பின்னிருவரும் இன்று உயிரோடு இல்லை. நாங்கள் ஆடியது ஜப்பானில் 2017-இல் வெளியான பதினோராம் பாகம். இதில் ஆடுபவர் கதைமாந்தர் ஒருவரின் வேடத்தை ஏற்றுக்கொண்டு, ஊர் ஊராய் நடந்து, மக்களிடம் கேட்டறிந்து, துணைவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு நெடுங்கதையை வாழ்ந்து முடிக்க வேண்டும். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்ய நடுவண் அரசு 2025-இல் சட்டம் இயற்றியது நமக்குத் தெரியும். இது அவ்வகையைச் சேர்ந்ததன்று. கண்ணில் பட்டவரையெல்லாம் சுட்டுத் தள்ளும் வகையும் அன்று. முதல் நாள் நான் செய்ததெல்லாம் நடந்ததும், ஆங்கிலத்தில் வந்த உரையாடல்களைப் படித்ததுமே.

தொடக்கத்திலேயே கதைத் தலைவனுக்குப் பெயர் சூட்டும்படி கேட்கிறது. "சூசை என்று வைப்போம்" என்றேன், மகன் சிரித்தான். பல நாளுக்குப் பின் அவன் முகத்தில் சிரிப்பைக் கண்டேன். அந்தச் சூசை, பகைவரால் அழிந்த அரசில் பிறந்து, கூடையில் வைக்கப்பட்டு ஆற்றில் மிதந்து வந்த குழந்தை. ஒரு முதியவர் கண்டெடுக்க, எளிய சிற்றூரில் வளர்கிறான். மோசேயின் வரலாற்றை மறைக்கல்வி வகுப்பில் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதாகத் தோன்றுமா? பதினாறு வயது நிறைந்ததும் அவன் ஊரைவிட்டுப் புறப்படுகிறான்; அரசனோ அவனைத் தீமையின் வித்து என்று சொல்லிச் சிறையில் தள்ளுகிறான். அங்கே அவனுக்குக் கிடைக்கும் முதல் துணைவன் எரிக் என்னும் ஒரு திருடன்!

இன்னொன்றும் கண்டேன். இத்தலைவன் வாய் திறந்து பேசுவதே இல்லை. நற்செய்தி நூல்களில் புனித சூசையப்பரும் அவ்வாறே அன்றோ? ஒரு சொல்லும் உரைக்காத அந்தப் புனிதரைத் தலைவராக்கி, 3,615 பாடல்களில் தேம்பாவணி இயற்றினார் வீரமாமுனிவர். அவர் நம் புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரிலும் பணியாற்றியவர். இதை மகனுக்கு எடுத்துச் சொன்னேன். "அப்படியானால் நல்ல பெயர்தான் வைத்திருக்கிறீர்கள், அப்பா" என்றான்.

இனி, போர்கள். பாதையில் எதிர்ப்படும் சிறு பகைகளுள் முதலாவது, நீர்த்துளி வடிவில் நீல நிறத்தில் புன்னகை பூத்த ஓர் உருவம். அடிக்க எனக்கே மனம் வரவில்லை. இங்கு விரைவுக்கு வேலையில்லை. நம் முறை வரும்போது நாம் எண்ணித் தேரும்வரை பகைவன் காத்து நிற்கிறான். வென்றால் சில அனுபவப் புள்ளிகளும் பொற்காசுகளும் கிடைக்கின்றன. புள்ளிகள் சேரச்சேரத் தலைவன் ஒரு படி உயர்கிறான். அவன் வலிமை கூடுகிறது. எல்லாரும் வீழ்ந்து தோற்றாலோ, பொற்காசில் பாதியைக் கொடுத்துவிட்டு மீண்டும் எழலாம். பெற்ற அனுபவத்தில் ஒரு புள்ளியும் குறைவதில்லை.

எனக்கு மிகுந்த வியப்பளித்தது அங்குள்ள கோயில். கத்தோலிக்கர் மிகச் சிறுபான்மையினராக வாழும் நாட்டில் பிறந்த இவ்விளையாட்டில், பல ஊர்களில் கோயிலும் குருவும் உண்டு. குருவிடம் சென்று "பாவ அறிக்கை" என்னும் சொல்லைத் தேர்ந்தால், அதுவரை ஆடியது ஏட்டில் பதிவாகிறது. அடுத்த படிக்கு இன்னும் எத்தனை புள்ளி வேண்டும் என்று கேட்டால், எண்ணைத் துல்லியமாகச் சொல்கிறார். இறந்த துணைவனையும் உயிர்ப்பிக்கிறார். அதற்குப் பொற்காசு கொடுக்க வேண்டும்.

இது நம் திருச்சபையின் சாயல் மட்டுமே என்பதைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அவ்வுலகம் வணங்குவது உயிர்களையெல்லாம் இலைகளாகத் தாங்கும் ஒரு மாபெரும் மரத்தை. மேலும், நம் ஒப்புரவு அருட்சாதனத்தில் கட்டணம் இல்லை. உயிர்ப்பு விலைக்கு வருவதும் இல்லை. அருள் என்னும் சொல்லின் பொருளே கொடை என்பதுதானே?

பெற்றோர் அறிய வேண்டிய வேறு சிலவும் உள. கதையை முடிக்க ஐம்பது மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஆனால் முடிவு என ஒன்று உண்டு. பின்னால் வரும் ஊரில் விளையாட்டுக் காசு வைத்து ஆடும் சூதாட்டக் கூடம் இருக்கிறது. சில பெண் உருவங்களின் உடை நம் வீட்டுக்கு ஏற்றதன்று. செபமாலைக்கு அழைத்தால், "கோயிலுக்குப் போய்ப் பதிந்துவிட்டு வருகிறேன், ஐந்து நிமிடம்" என்று பிள்ளைகள் சொல்லக்கூடும். கருவியின் ஒரு பொத்தானை அழுத்தினால் அது நின்ற இடத்திலேயே உறங்கும். எழுப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆகவே அந்த ஐந்து நிமிடம் தேவையில்லை.

ஆறாம் நாள் மாலை மகனிடம் கேட்டேன்: "தம்பி, இதில் உனக்குப் பிடித்தது எது?" சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னான்: "இதில் செய்தது எதுவும் வீணாவதில்லை, அப்பா."

அந்த ஒரு சொல்லில் எல்லாம் விளங்கிற்று. எங்கள் குடும்பம் ஆலங்குடி வட்டாரத்தைச் சேர்ந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறிய கஜா புயலை நம் மாவட்டத்தார் மறப்பதற்கில்லை. என் தந்தையார் முப்பது ஆண்டு நீரூற்றி வளர்த்த தென்னைகள் அந்த ஓரிரவில் வேரோடு சாய்ந்தன. விடிந்தபின் சாய்ந்த மரங்களிடையே தாத்தா பேச்சற்று அமர்ந்திருந்ததைச் சிறுவனாயிருந்த என் மகன் பார்த்தான். பின்னர்த் தன் தேர்விலும் அதையே பார்த்தான். உழைத்தான்; பலன் வரவில்லை. இத்தகையவனுக்கு, ஒரு சிறு அடிக்கும் ஒரு புள்ளி தந்து, இன்னும் இவ்வளவுதான் என்று எண் சொல்லும் உலகம் இனிக்காமல் என்ன செய்யும்?

அங்கும் ஆரம்ப நாளில் உழைப்பு வீணானதுண்டு. முதல் பாகத்தில் ஆட்டத்தைப் பதிந்து வைக்க வழியில்லை. திரையில் தோன்றும் 20 எழுத்துகளைப் பிள்ளைகள் தாளில் எழுதி வைக்க வேண்டும். அதற்கு "உயிர்ப்பின் மந்திரம்" என்று பெயர். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் திரும்ப வழி கிடையாது. 1988-இல் வந்த மூன்றாம் பாகத்தில்தான் அக்குறை நீங்கியது. இதைக் கேட்டதும், "பாவம், அவர்கள்" என்றான் மகன்.

அன்றிரவு திராட்சைத் தோட்ட வேலையாள்களின் உவமையைப் பற்றிப் பேசினோம். கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முழுக் கூலி தந்த தலைவரை விளையாட்டின் கணக்கால் அளக்க இயலாது. அவர் புள்ளிகளை எண்ணித் தருபவர் அல்லர். ஆளைப் பார்த்துத் தருபவர். பிறகு நான் சொன்னேன்: "விடியற்காலை நான்கு மணிக்கு நீ விளக்கேற்றிப் படித்ததை மதிப்பெண் பட்டியல் காட்டாது. ஆனால் நான் பார்த்தேன். உன் அம்மாவும் பார்த்தாள்." அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தாத்தாவுடன் தோப்புக்குப் போனான். புயலுக்கு மறு ஆண்டு அவர் மீண்டும் நட்ட கன்றுகள் இன்று பாளை விடத் தொடங்கியுள்ளன. எண்பது வயதை நெருங்கியவர், தமக்கு எத்தனை காய் கிடைக்கும் என்று எந்தக் குருவிடமும் கணக்குக் கேட்டு நடவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் விளையாட்டுக்கு நேரம் உண்டு, அளவும் உண்டு. சனி, ஞாயிறு மாலை ஒரு மணி நேரம். ஞாயிறு திருப்பலிக்குப் பின்னரே.

அன்புப் பெற்றோரே, உங்கள் பிள்ளை ஆடும் விளையாட்டு வேறாக இருக்கலாம்; அதில் விலக்க வேண்டிய தீமையும் இருக்கலாம். தீர்ப்பிடும் முன் ஓரிரு மாலை அவனருகே அமர்ந்து பாருங்கள். அந்தத் திரையில் அவன் தேடுவது எது என்று கேளுங்கள். அவனுடைய உழைப்பைக் கண்டதாகச் சொல்ல, வீட்டில் ஒருவர் இருக்கட்டும்.