சலுகையின் செலவு யாருடையது?

நல்லெண்ணத்தோடு இயற்றப்படும் ஒரு விதி, எவருடைய நன்மைக்காக இயற்றப்பட்டதோ அவரையே வாயிற்படியில் நிறுத்திவிடுவதும் உலகில் உண்டு. பெண்மக்களைப் படிக்கவைத்து உத்தியோகத்துக்கு அனுப்பும் நம்மவர் குடும்பங்கள் இதனைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்த்தல் நலம்.

1961ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டம் தாய்மார்களுக்கு 12 வாரச் சம்பள விடுமுறையை உறுதி செய்தது. 2017 ஏப்ரல் முதல், முதலிரண்டு குழந்தைகளுக்கு அது 26 வாரமாக உயர்ந்தது. 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகமும் அமைக்கவேண்டும் என்றாயிற்று. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அந்த 26 வாரத்தை அப்படியே ஏற்றுக்கொண்டது. பச்சிளங் குழந்தையைத் தாயின் மடியில் ஆறு மாதம் இருக்கவிடும் சட்டத்தைக் குறைகூற யாருக்கு மனம் வரும்?

ஆனால் செலவு யாருடையது என்பதே கேள்வி. நமது இரயில்வே போன்ற மத்திய அரசுத் துறைகளில் 2008 முதல் 180 நாள் விடுமுறை உண்டு. தேர்வெழுதி வருவோருக்கு உத்தியோகம், சம்பளம் பொதுப்பணம். எனவே வாயிலில் நின்று கணக்குப் பார்க்க எவருக்கும் அவசியமில்லை. குறைந்த ஊதியம் பெறும் தொழிலாளருக்கு அரசு ஈட்டுறுதி நிதி கைகொடுக்கிறது. அவ்வரம்பைக் கடந்த தனியார் ஊழியர்க்கோ, 26 வார ஊதியம் முழுவதையும் முதலாளியே தரவேண்டும். பதிலாளுக்கும் அவரே சம்பளம் தரவேண்டும்.

எமது சரக்குக் கணக்கில் ‘டு-பே’ என்றொரு முறை உண்டு. அனுப்புபவர் கட்டணம் கட்டமாட்டார். பெறுபவரே கட்டிச் சரக்கை எடுத்துக்கொள்ள வேண்டும். கட்டணம் கனமென்று கண்டால் சிலர் சரக்கை எடுக்கவே வரமாட்டார்கள். இச்சலுகையும் ‘டு-பே’யாகவே அனுப்பப்பட்டுவிட்டது.

நம் இல்லத்திலேயே இதன் பலனைக் கண்டோம். வணிகவியல் பட்டம் பெற்ற எமது தங்கை இந்நகரில் ஒரு தனியார் நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குச் சென்றாள். கணக்கு வினாக்களுக்கெல்லாம் செவ்வையாக விடையளித்தாள். இறுதியில், “கலியாணம் எப்போது? அதற்குப்பின் வேலையில் நீடிப்பீர்களா?” என்று கேட்டார்களாம். “பெரியவர்கள் நிச்சயிப்பார்கள், வேலையை விடமாட்டேன்” என்றாள். உத்தரவு வரவில்லை. அவளைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்ற உடன்படித்த இளைஞனுக்கு வந்தது. அன்னையார் ஒன்றே கேட்டார்: “விடுமுறையெல்லாம் வேலை கிடைத்தவளுக்குத்தானே, தம்பி?” அதற்கு நம்மிடம் விடை இல்லை.

இது நம் வீட்டுக் குறை மாத்திரமன்று. முதலாளிமாருக்கு 7 வார ஊதியத்தைத் திருப்பித்தரும் திட்டமொன்றை ஆராய்ந்துவருவதாக மத்தியத் தொழிலமைச்சகமே 2018 நவம்பரில் அறிவித்தது. இச்செலவைத் தனி முதலாளிமீது நேராகச் சுமத்தாமல் காப்பீட்டாலோ பொதுநிதியாலோ ஏற்கவேண்டும் என்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே வகுத்திருக்கிறது.

கதவைத் திறந்தால் மட்டும் போதாது என்பதற்குக் கேரளத்திலேயே மற்றொரு சான்றுண்டு. 2017இல் கொச்சி மெட்ரோ, திருநங்கையர் இருபதுக்கும் மேற்பட்டோரைத் துணிந்து வேலைக்கு எடுத்தது. நாடே பாராட்டியது. ஆயினும் சில வாரங்களுக்குள் எட்டுப்பேர் விலகினர். காரணம், குடியிருக்க வீடு தருவார் இல்லை. வேலை கொடுத்தது ஒரு நிறுவனம். வீட்டை மறுத்தது ஊர். பிறவூரில் வீடு தேடி அலைந்த அனுபவம் நம்மவர்க்கு இல்லையா? இன்று கரமனையிலும் சாலையிலும் வீடு வாடகைக்கு விடும் நம் அன்பர்கள் இதனை நினைக்கவேண்டும்.

ஆகவே விடுமுறையைக் குறைப்பது பரிகாரமாகாது. சுமையைப் பகிர்வதே பரிகாரம். பொதுநிதி ஒரு பங்கை ஏற்கட்டும். மற்றொரு பங்கு ஆண்மக்களுடையது. மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள் விடுமுறை உண்டு. தனியார்துறைத் தந்தைக்கு அவ்வாறு சட்ட உரிமை இல்லை. தந்தையும் தொட்டிலாட்ட விடுப்பெடுப்பான் என்ற நிலை வந்தால், “கலியாணம் எப்போது?” என்ற வினாவைப் பெண்ணிடம் மட்டும் கேட்பதில் ஆதாயம் இராது.

எமது தங்கை இப்போது அரசுத் தேர்வுக்குப் படித்துவருகிறாள். அவள் வெற்றி பெறுவாள் என்றே நம்புகிறோம். ஆயினும், தேர்வெழுத இயலாத தங்கையரும் நம் தெருக்களில் பலர் உளர் என்பதை மறத்தலாகாது.