சுண்ணாம்பு தடவிய கலயம்

"புதுச்சேரிக்குப் போறேன்" என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். உடனே முகத்தில் ஒரு குறும்புச் சிரிப்பு வரும். "ம்... நடத்துங்க!" என்பார்கள். அந்த ஊரில் பாட்டிலைத் தவிர குடிக்க வேறெதுவும் கிடைக்காது என்று நினைப்பு!

என் அம்மா பாகூர் பக்கத்துப் பெண். இந்தக் கிண்டலைக் கேட்டாலே அவருக்குக் கோபம் வரும். "எங்க ஊர்ல குடிக்க என்னென்ன இருக்குன்னு இவங்களுக்கு என்ன தெரியும்? பதநீர் குடிச்சு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?" என்றார் ஒரு நாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கத்திரி வெயிலில் கிளம்பினோம். அம்மா, நான், பத்து வயது மகள். கடற்கரைப் பக்கமே போகாமல், வில்லியனூரில் தொடங்கி பாகூரில் முடிகிற பயணம்.

ஆயா கடைக் கூழ்

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் சாலையில் சுமார் 10 கிலோ மீட்டர் போனால் வில்லியனூர். வில்வ மரங்கள் நிறைந்திருந்ததால் வில்வநல்லூர் என்று இருந்த பெயர் இப்படி மருவியதாகச் சொல்கிறார்கள். இங்குள்ள திருக்காமீஸ்வரர் கோயில் அம்மனின் பெயர் கோகிலாம்பிகை. கோகிலம் என்றால் குயில். புதுச்சேரியின் மாநில மரம் வில்வம், மாநிலப் பறவை குயில். இரண்டுமே இந்த ஊர்ப் பெயர்களில் இருப்பதைச் சொன்னதும் மகளுக்கு ஒரே சந்தோஷம்.

வைகாசியில் இந்தக் கோயிலுக்குத் தேரோட்டம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடிப்பாராம். அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். தேர் வருகிற வெயிலில் தாகத்துக்குக் கைகொடுப்பது நீர்மோரும் பானகமும்தான். ஈஸ்டருக்குப் பிறகு நடக்கும் வில்லியனூர் லூர்து மாதா திருவிழாவும் கோடையில்தான். தாகத்தில் வருகிறவருக்குத் தண்ணீர் கொடுப்பதில் எந்தச் சாமிக்கும் பேதமில்லை.

கோயிலைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், சாலையோரப் புங்க மர நிழலில் ஒரு கூழ் வண்டி. இரண்டு பெரிய பானைகள், ஈரத்துணி சுற்றியிருந்தது.

"ஆயா, ஸ்ட்ரா இருக்கா?" என்று மகள் கேட்டதும் ஆயா சிரித்துவிட்டார். "சொம்போட தூக்கிக் குடி கண்ணு. நெஞ்செல்லாம் ஜில்லுனு எறங்கும்."

கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் நொய்க் கஞ்சியில் ஊற்றிக் கிளறி, ஆறியதும் மோர் விட்டுக் கரைத்த கூழ். நொய் பல்லில் தட்டுப்பட வேண்டும். அதுதான் வட மாவட்டத்துக் கூழின் அழகு. தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர் மிளகாய், உப்பு மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்ப் பத்தை. கருவாடு வேண்டுமென்றால் அதுவும் உண்டு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதெல்லாம் தெரியாமலே மகள் இரண்டாவது சொம்பு கேட்டாள்.

ஐஸ் இல்லாத ஜில்

"ஐஸ் போடாம எப்படிம்மா ஜில்லுனு இருக்கு?" என்ற அவளது கேள்விக்கு விடையும் வில்லியனூரிலேயே கிடைத்தது. இந்த ஊரின் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றது. பொம்மைகள், சிலைகள் பக்கம் மகள் ஓட, அம்மா ஒரு தண்ணீர்ப் பானையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கணீரென்று சத்தம் வந்தால் நன்றாக வெந்த பானை. 'பொத்'தென்றால் எங்கோ விரிசல்.

பானைச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். உள்ளே இருக்கும் தண்ணீர் அதன் வழியே கசிந்து, வெளியே வந்து ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் காற்றோட்டமான இடத்தில் வைத்த பானை அதிகம் குளிர்கிறது. உள்ளே கொஞ்சம் நன்னாரி வேரோ வெட்டிவேரோ போட்டுவிட்டால் தண்ணீரே சர்பத் மாதிரி மணக்கும்.

நுங்கு வண்டி

பாகூர் போகிற வழியில், கரிக்கலாம்பாக்கத்தைத் தாண்டியதும் சாலையோரம் நுங்குக் குவியல். "இளசா வெட்டுங்கண்ணே" என்றார் அம்மா. கட்டை விரலால் லேசாக அழுத்தினால் அமுங்க வேண்டும், உள்ளே தண்ணீர் தளும்ப வேண்டும், அதுதான் இளநுங்கு. முற்றிவிட்டால் கடிக்கக் கஷ்டம், குழந்தைகளுக்கு வயிறும் வலிக்கும். மேல் தோல் துவர்க்கும் என்று பலர் உரித்துவிடுவார்கள். அம்மா அந்தத் தோலை எடுத்து என் மகள் கழுத்து வேர்க்குருவில் தடவிவிட்டார்.

மூன்று கண் நுங்கை விரலால் நோண்டிச் சாப்பிட்ட பிறகு, காய்ந்த இரண்டு கூந்தல்களைக் குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளுகிற நுங்கு வண்டியும் தயார். எழுபது வயது அம்மா அதை ஓட்டிக் காட்டியதை நான் வீடியோ எடுத்தேன். அது எங்கள் குடும்பக் குழுவில் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பாகூர்ப் பழைய சோறு

பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். ஊசுட்டேரிக்கு அடுத்தபடி பெரிய ஏரி பாகூர் ஏரிதான். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே இதற்குத் தண்ணீர் வருகிறது. ஊரும் சாதாரண ஊரல்ல. 9-ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கிருந்த கல்லூரிக்காக மூன்று ஊர்களைத் தானம் கொடுத்த செய்தி பாகூர்ச் செப்பேட்டில் இருக்கிறது.

நெல் விளைகிற ஊரில் பழைய சோற்றுக்குக் குறைவிருக்குமா? பெரியம்மா வீட்டில் காலையில் அதுதான். இரவு வடித்த சோறு ஆறியதும் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் மூடி வைத்தால், விடிவதற்குள் லேசாகப் புளித்திருக்கும். தயிரை உறைய வைக்கிற அதே வகை நுண்ணுயிர்கள் செய்கிற வேலை இது. தெளிந்த நீராகாரத்தில் உப்புப் போட்டு முதலில் ஒரு டம்ளர். பிறகு சோற்றைப் பிசைந்து, முந்தின நாள் கத்திரிக்காய்க் குழம்பைச் சுண்ட வைத்துத் தொட்டுக்கொள்ள வேண்டும். மீந்ததை வாங்கிச் சாப்பிட்ட காலம் போய், இப்போது ஓட்டல்களில் மெனு கார்டில் போட்டு விற்கிறார்கள் என்றதும் பெரியம்மா, "சோத்துல தண்ணி ஊத்துனதுக்கா இவ்ளோ காசு!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

மதியத்துக்குப் பெரியம்மாவின் நீர்மோர். வீட்டில் செய்து பாருங்கள்: ஒரு கப் தயிருக்கு மூன்று கப் பானைத் தண்ணீர், கல் உப்பு, தட்டிய இஞ்சி, ஒரு பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, சிட்டிகை பெருங்காயம். இவற்றோடு அவர் ஒரு துண்டு மாங்காயைத் துருவிப் போடுவார். அதுதான் ரகசியம்.

ஒரே மரம், இரண்டு கலயம்

எல்லாம் கிடைத்தது. அம்மா கேட்ட பதநீர் மட்டும் கிடைக்கவில்லை. ஏரிக்கரையில் பனை மரங்கள் இருந்தன, பாளையில் கலயங்களும் கட்டியிருந்தன. ஆனால் அத்தனையும் கள்ளுக் கலயங்கள். தமிழ்நாட்டில் கள் இறக்க 1987 முதல் தடை. புதுச்சேரியில் கள்ளுக்கடைகளை அரசே ஏலம் விடுகிறது.

மரத்திலிருந்து இறங்கிய பெரியவரிடம் அம்மா கேட்டார். "பதநி கிடைக்குமாண்ணே?"

அவர் கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்தார். "பதநி கேட்டு யாரும்மா வர்றாங்க? கேட்டா ஒரு கலயத்துல சுண்ணாம்பு தடவிக் கட்டப்போறேன். அவ்ளோதானே வித்தியாசம்?"

உண்மையில் அவ்வளவுதான் வித்தியாசம். பாளையைச் சீவியதும் சொட்டுகிற சாறு ஒன்றுதான். வெறும் கலயத்தில் விழுந்தால் சில மணி நேரத்திலேயே நொதித்துக் கள்ளாகிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் நொதிக்காமல் பதநீராகவே நிற்கும். கேட்கிறவர் எதைக் கேட்கிறாரோ, மரம் அதைக் கொடுக்கிறது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார். போனோம். பனை ஓலையைப் பட்டையாக மடித்து, வடிகட்டி ஊற்றினார். அம்மா இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். பாதியில் நிறுத்தி, "எங்கப்பா இப்படித்தான் பட்டையை மடிச்சுக் கொடுப்பாரு" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. மகள் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிட்டு ஓலையை நக்கினாள்.

காசு கொடுத்தபோது கேட்டேன், "உங்களுக்கப்புறம் யார் ஏறுவாங்க?"

"பையன் கம்பெனி வேலைக்குப் போறான். தினமும் ரெண்டு வேளை மரம் ஏறி எறங்க அவனால ஆவாது. என்னோட சரி" என்று சிரித்தார். சிரிப்பு கண் வரை வரவில்லை.

பனை வளர்ந்து பாளை விடப் பத்துப் பதினைந்து வருடமாவது ஆகும். ஏறத் தெரிந்தவர் உருவாகவும் ஏறக்குறைய அவ்வளவு காலம் வேண்டும். மரத்தை வெட்ட ஒரு மணி நேரம் போதும். கேட்க ஆளில்லாமல் போனால், மரம் நின்றாலும் பதநீர் இருக்காது.

அடுத்த முறை புதுச்சேரி போகிறவர்கள் ஒரு காலைப் பொழுதை இந்தப் பக்கம் ஒதுக்குங்கள். பதநீர் வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்லி வையுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் குடித்துவிடுங்கள். நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவுக்குச் சர்க்கரை இருப்பதால், நீரிழிவு உள்ளவர்கள் ஒரு வாயோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கிளம்பும்போது பெரியவர் கூப்பிட்டு மகளிடம் சொன்னார்: "அடுத்த லீவுக்கும் வா பாப்பா. உனக்குன்னு ஒரு கலயம் கட்டி வெக்கிறேன்."

அடுத்த சித்திரைக்கு இப்போதே நாள் குறித்துவிட்டாள்.